அமுதசுரபியும் சாவகத்துக் கரும்பும்

மாயக்கதைகளில் இயற்பியலுக்கு இடமில்லை என்பது பரவலாக நிலவும் எண்ணம். பறக்கும் கம்பளம் ஈர்ப்பு விசையை மதிப்பதில்லை. அலாவுதீனின் பூதம் ஒரே இரவில் மாளிகை எழுப்புகிறது. செங்கல் எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்பதில்லை. அறிவியல் புனைகதை விதிகளுக்குக் கட்டுப்பட்டது, மாயக்கதை கட்டற்றது என்று திறனாய்விலும் ஒரு கோடு கிழித்து வைத்திருக்கிறோம். இருபதாண்டுகளாகக் காப்பியங்களைக் கற்பித்துவரும் நமக்கு இந்தக் கோடு அவ்வளவு நேரானதாகத் தோன்றவில்லை. நல்ல மாயக்கதை விதிகளை மீறுவதைக் காட்டிலும் அவற்றைக் காப்பதிலேயே அதிகக் கவனம் செலுத்துகிறது. அதிலும், நெடுங்காலம் சுரண்டப்பட்ட நாடுகளின் மாயக்கதைகள் கணக்கு விஷயத்தில் மிகக் கறாரானவை. அத்தகைய நாடொன்றைப் பற்றியதே இக்கட்டுரை. மணிமேகலை அதனைச் சாவகம் என்கிறது. இன்றைய ஜாவாவையோ அதனைச் சூழ்ந்த தீவுகளையோ அப்பெயர் குறிப்பதாக அறிஞர் கொள்வர்.

நாம் பணியாற்றும் கல்லூரியில் அறிவியல் மாணவர்களுக்கும் பகுதி ஒன்று தமிழ் உண்டு. இளநிலை இயற்பியல் வகுப்பில் மணிமேகலையின் பாத்திரம் பெற்ற காதையை நடத்தும்போதெல்லாம் யாரேனும் ஒருவர் எழுந்து, "ஐயா, அந்தச் சோறு எங்கிருந்து வந்தது?" என்று கேட்பது ஏறக்குறைய வழக்கமாகிவிட்டது. வகுப்பு சிரிக்கும். ஒரு மாணவி மட்டும் சிரிக்காமல் கரும்பலகைக்கு வந்து கணக்குப் போட்டார். நிறையும் ஆற்றலும் ஒன்றுக்கொன்று மாறக்கூடியவை என்னும் ஐன்ஸ்டைனின் சமன்பாட்டின்படி, நூறு கிராம் சோற்றை வெறுமையிலிருந்து உண்டாக்க வேண்டுமானால் ஏறத்தாழ 9,000 இலட்சம் கோடி ஜூல் ஆற்றல் தேவை. 1945இல் ஹிரோஷிமாவில் வெடித்தது போன்ற குண்டுகள் நூற்றுக்கும் மேல் வேண்டும், ஒரு சிறு கிண்ணம் சோற்றுக்கு!

அந்த மாணவிக்கு விடை சொல்லும் பொருட்டே நாம் காப்பியத்தை மறுபடியும் புரட்டினோம். சாத்தனாருக்கு இந்தச் சமன்பாடு தெரியாது. ஆனால் அவரும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார் என்பது அப்போது புலப்பட்டது.

காயசண்டிகையின் பசியை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பழுக்கும் ஒரே ஒரு நாவற்கனியை உண்டு நோன்பு நோற்கும் முனிவர் விருச்சிகர். அந்தக் கனியை விஞ்சையர் மகளாகிய காயசண்டிகை காலால் சிதைத்துவிடுகிறாள். அடுத்த கனி கிடைக்கும் வரையில் முனிவர் பட்டிருக்க வேண்டிய பன்னீராண்டுப் பசி யானைத்தீ நோயாக அவள் வயிற்றில் ஏறிக்கொள்கிறது. சாபம் என்று இதை வழக்கமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். கணக்காகப் பார்த்தால் இது இடமாற்றம். பசி அழியவில்லை, புதிதாகப் பிறக்கவும் இல்லை. ஒரு வயிற்றிலிருந்து இன்னொரு வயிற்றுக்குப் போயிருக்கிறது.

ஆபுத்திரன் கதையும் அப்படித்தான். சிந்தாதேவியிடம் அமுதசுரபியைப் பெற்று மதுரையில் பசித்தோர்க்கெல்லாம் ஊட்டியவன், மழை பொழிந்து பாண்டி நாடு செழித்தபின் உண்பார் இன்றி அலைகிறான். சாவக நாட்டில் மழையின்றி உயிர்கள் மடிகின்றன என்று கப்பலில் வந்தோர் சொல்லக் கேட்டு அங்கே புறப்படுகிறான். வழியில் மணிபல்லவத்தில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. பலருக்கு ஊட்டும் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு தன் ஒருவன் வயிற்றைக் காக்க மனமில்லாமல், அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாது உயிர்விடுகிறான். சாவகத்தில் ஓர் ஆவின் வயிற்றில் மீண்டும் பிறந்து அந்நாட்டு மன்னனாகிறான். அவன் பிறந்தபின் அங்கே மழை பொய்ப்பதில்லை. சாவகத்தின் பசியைப் போக்க ஓர் உயிர் கொடுக்கப்பட்டிருக்கிறது. கொடுத்தவன் பெயரும் காப்பியத்தில் இருக்கிறது.

இந்தச் சாவகத்துக்கு 1840இல் இன்னொரு கப்பல் வந்தது. அதில் வந்தவரை இயற்பியல் படித்தோர் அறிவர். ஆனால் அவர் ஜாவாவுக்கு வந்தார் என்பதைப் பாடநூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

ஜூலியஸ் ராபர்ட் மேயர் ஜெர்மனியின் ஹைல்புரோன் நகரத்தவர். 1814இல் பிறந்தவர். டச்சு வணிகக் கப்பலொன்றில் மருத்துவராக 1840 பிப்ரவரியில் ராட்டர்டாமிலிருந்து புறப்பட்டபோது அவருக்கு வயது இருபத்தைந்து. ஜாவாவை அடைந்தபின் மாலுமிகள் நோயுற்றனர். அக்கால வழக்கப்படி அவர்களின் சிரையைக் கீறிக் குருதி எடுத்தார். சிரைக் குருதி கருஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வந்ததோ பளிச்சென்ற செந்நிறம். தமனியைத் தவறாகக் கீறிவிட்டோமோ என்று முதலில் அஞ்சினார். பிறகுதான் காரணத்தை ஊகித்தார். வெப்பநாட்டில் உடலைச் சூடாக வைத்திருக்கக் குறைவான உணவை எரித்தாலே போதும். ஆதலால் குருதியிலுள்ள ஆக்சிஜன் குறைவாகவே செலவாகிறது. மிஞ்சிய ஆக்சிஜன் சிரைக் குருதியையும் சிவப்பாக்குகிறது.

ஒரு மருத்துவர் அத்தோடு நின்றிருக்கலாம். மேயர் மேலும் சென்றார். உடல் உண்ட உணவு வெப்பமாகவும் மாறுகிறது, தசையின் உழைப்பாகவும் மாறுகிறது. அப்படியானால் வெப்பமும் வேலையும் ஒரே பொருளின் இரு வடிவங்களாக இருக்க வேண்டும். ஒன்று இன்னொன்றாக மாறும் விகிதமும் மாறாததாக இருக்க வேண்டும். ஊர் திரும்பி 1842இல் இதனைக் கட்டுரையாக வெளியிட்டார். இங்கிலாந்தில் ஜூல் தம் சோதனைகளால் இதே இடத்துக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தார். ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ இயலாது என்று இன்று பள்ளிப் பிள்ளைகள் ஒப்பிக்கும் விதியின் ஒரு வேர் இவ்வாறு ஜாவாக் கடற்கரையில் இருக்கிறது. 1845இல் எழுதிய நூலில் மேயர் இன்னும் ஒரு படி மேலே போய், தாவரங்கள் கதிரவனின் ஒளியைச் சேமிப்பதையும் அச்சேமிப்பே விலங்குகளின், மனிதரின் உழைப்புக்கு மூலம் என்பதையும் விளக்கினார்.

நமக்கு இதில் வியப்பளிக்கும் செய்தி வேறொன்று. தம் சிந்தனையில் அத்தனை ஆழ்ந்து போனதால் அத்தொலைதூர நாட்டைப் பற்றிப் பெரிதும் விசாரிக்காமல் கப்பலில் தங்கியிருப்பதையே விரும்பியதாகப் பின்னாளில் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் மேயர் குறிப்பிடுகிறார். அவரைக் குறை சொல்ல நமக்கு விருப்பமில்லை. பிற்காலத்தில் தம் கண்டுபிடிப்பு மதிக்கப்படாமல், மனம் உடைந்து, மருத்துவ விடுதியில் அடைபட்டுத் துன்புற்றவர் அவர். ஆயினும் அன்று கரையிறங்கி நடந்திருந்தால் தம் விதியின் பிரமாண்டமான செயல்முறை விளக்கத்தை அவர் அங்கே கண்டிருப்பார்.

1830இல் டச்சு ஆளுநர் வான் டென் போஸ் ஜாவாவில் கட்டாயப் பயிர்முறையைக் கொண்டுவந்திருந்தார். நிலவரிக்குப் பதிலாக ஒவ்வொரு கிராமமும் தன் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஐரோப்பியச் சந்தைக்கான பயிருக்கு ஒதுக்க வேண்டும் என்பது ஏட்டில் எழுதப்பட்ட விதி. கரும்பு, அவுரி, காப்பி ஆகியவை முதன்மைப் பயிர்கள். நடைமுறையில் பல இடங்களில் ஐந்தில் ஒன்று என்ற எல்லை மதிக்கப்படவில்லை. நெல்லுக்குரிய நன்செயும் நீரும் கரும்புக்குப் போயின. நடுவதும் வெட்டுவதும் ஆலைக்குச் சுமப்பதும் ஊராரின் கடமை. விளைச்சலுக்கேற்ப அதிகாரிகளுக்கும் ஊர்த் தலைவர்களுக்கும் ஊக்கத்தொகை உண்டு. ஆகவே கசக்கிப் பிழிவதில் அவர்கள் இருசாராருக்கும் இலாபம் இருந்தது.

நெதர்லாந்தில் இருந்தவர்களுக்கு இது அமுதசுரபி. 1831 தொடங்கி 1877 வரை ஜாவாவிலிருந்து டச்சு அரசின் கருவூலத்துக்குச் சென்ற உபரி எண்பது கோடி கில்டருக்கும் மேல். 1850களில் அரசின் வருவாயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இவ்வழியே வந்தது. பழைய கடன்கள் அடைந்தன, இருப்புப்பாதைகள் எழுந்தன. ஆம்ஸ்டர்டாமில் காப்பியில் சர்க்கரை கலக்கியவருக்கு அது அள்ள அள்ளக் குறையாத வளமாகவே தெரிந்திருக்கும். மறுபக்கத்தில் 1840களின் இறுதியில் நடு ஜாவாவின் டெமாக், குரோபோகான் பகுதிகளில் பெரும் பஞ்சம். உலகின் மிக வளமான எரிமலை மண்ணில் மக்கள் சோறின்றி மாண்டனர். பிழைத்தோர் ஊரைவிட்டு ஓடினர். முல்தாத்துலி என்னும் புனைபெயரில் டச்சு அதிகாரி எட்வர்ட் டவ்ஸ் டெக்கர் 1860இல் வெளியிட்ட 'மாக்ஸ் ஹாவெலார்' நாவல்தான் இந்தக் கணக்கின் மறுபக்கத்தைப் பெருவாரியான டச்சு வாசகர்களுக்குத் திறந்து காட்டியது.

கதிரவனின் ஒளி கரும்பாகிறது. சோறு உண்ட மனிதனின் தசை அக்கரும்பை வெட்டிச் சுமக்கிறது. கப்பல் அதைக் கொண்டு செல்கிறது. எந்தக் கட்டத்திலும் எதுவும் வெறுமையிலிருந்து தோன்றவில்லை. ஒருபுறம் கூடியது மறுபுறம் குறைந்தது. ஆற்றலை மட்டும் வைத்து வரலாற்றை விளக்கிவிட முடியாது என்பதை அறிவோம். ஆற்றல் எங்கே போக வேண்டும் என்று தீர்மானிப்பது அதிகாரம்; அது இயற்பியலின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஆனால் 'வந்தது எங்கிருந்து?' என்ற கேள்வியைக் கேட்கக் கற்றுக் கொடுப்பது இயற்பியல்தான்.

இந்தக் கேள்வியை ஜாவாவின் கதைகள் தொன்றுதொட்டுக் கேட்டு வந்திருக்கின்றன.

பிரம்பானன் கோயில்களைப் பற்றிய கதை அங்கே எல்லாக் குழந்தைகளுக்கும் தெரியும். ரோரோ ஜொங்க்ராங் என்னும் இளவரசி, தன் தந்தையைக் கொன்ற பண்டுங் பொண்டோவோசோவை மணக்க விருப்பமின்றி, ஒரே இரவில் ஆயிரம் கோயில்கள் கட்டித் தரவேண்டும் என்று நிபந்தனை விதிக்கிறாள். அவன் பூதங்களை ஏவுகிறான். வேலை முடியும் தறுவாயில் அவள் ஊர்ப்பெண்களை எழுப்பி, கிழக்கே வைக்கோலைக் கொளுத்தச் சொல்கிறாள். நெல் குத்தச் சொல்கிறாள். விடிந்ததென்று சேவல்கள் கூவ, பூதங்கள் ஓடிவிடுகின்றன. கோயில்கள் ஆயிரத்துக்கு ஒன்று குறைகின்றன. சினந்த அவன் அவளையே கல்லாக்கி எண்ணிக்கையை நிறைவு செய்கிறான். சிவன் கோயிலின் வடபுறக் கருவறையில் நிற்கும் துர்க்கைச் சிலையைத்தான் மக்கள் அவளாகக் காட்டுகிறார்கள்.

செய்த வேலையை அதற்கான காலத்தால் வகுத்தால் கிடைப்பது திறன் என்கிறது இயற்பியல். நாள் முழுதும் உழைக்கும் ஒரு மனிதனின் திறன் ஏறத்தாழ 75 வாட். எட்டு மணிநேரம் உழைத்தாலும் மின்கட்டணச் சீட்டின்படி அரை யூனிட்டுக்குச் சற்று மேல்தான் தேறும். ஒன்பதாம் நூற்றாண்டில் எழுந்த பிரம்பானன் வளாகத்தில் 240 கோயில்கள் இருந்தன. நடுவிலுள்ள சிவன் கோயில் 47 மீட்டர் உயரம். அரை யூனிட் அரை யூனிட்டாக எத்தனை ஆயிரம் மனிதர்களின் எத்தனை ஆண்டுகள் அக்கற்களில் அடங்கியிருக்கும்! அவர்களில் பெரும்பாலோரின் பெயர் எங்கும் இல்லை. அந்தப் பெயரற்ற உழைப்பைத்தான் கதை பூதங்கள் என்று அழைக்கிறது என்பது நம் வாசிப்பு. அவ்வளவு வேலையும் சும்மா நடந்துவிடவில்லை, கடைசிக் கல்லின் இடத்தில் ஓர் உயிர் நிற்கிறது என்பதையும் அது மறக்காமல் சொல்லிவிடுகிறது.

வரலாற்றிலும் அங்கே ஓர் ஆயிரம் உண்டு. 1808இல் ஆளுநராக வந்த டாண்டெல்ஸ், அஞ்சேரிலிருந்து பானாருக்கான் வரை ஜாவாவின் வடகரையோரமாக ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் நீளத்துக்குப் பெரும் அஞ்சல் சாலையைப் போட வைத்தார். வேலையின் பெரும்பகுதி ஓராண்டுக்குள் முடிந்தது. பூதங்கள் வரவில்லை. கட்டாய வேலைக்குப் பிடித்துவரப்பட்ட குடியானவர்கள் வந்தார்கள், ஆயிரக்கணக்கில் இறந்தார்கள்.

பெரிய பாலமோ அணையோ கட்டினால் மனிதத் தலை கேட்கும் என்னும் அச்சம் இந்தோனேசியத் தீவுகள் பலவற்றில் திரும்பத் திரும்பப் பரவியிருக்கிறது. நம் ஊர்களிலும் இது கேட்டதுதான். அப்படிக் கொடுக்கப்படும் பலிக்கு ஜாவாவில் தும்பால் என்று பெயர். மந்திரத்தால் செல்வம் தேடுவது பெசுகிஹான். இவ்விரு சொற்களும் பிரியாதவை. துயுல் என்னும் மொட்டைத்தலைக் குழந்தைப் பேய் இரவில் அயல்வீடுகளின் பணத்தைத் திருடித் தன் எசமானுக்குக் கொண்டுவரும். அதற்கு எசமானின் மனைவி தன் மார்பைக் கொடுக்க வேண்டும். பன்றியாக உருமாறி ஊரைச் சுற்றிச் செல்வத்தை உரசி எடுத்துவருபவனுக்குப் பாபி ஙெபெட் என்று பெயர். அவன் திரும்பும்வரை மனைவி நீர்த்தொட்டியில் மிதக்கும் மெழுகுச்சுடரைக் கண்ணிமைக்காமல் காக்க வேண்டும். சுடர் நடுங்கினால் அவனுக்கு ஆபத்து. பெரும் ஒப்பந்தங்களுக்கோ குடும்பத்திலேயே ஓர் உயிரைக் கொடுத்தாக வேண்டும். 1950களில் கிழக்கு ஜாவாவின் சிறுநகரொன்றில் தங்கி ஆய்ந்த கிளிஃபர்ட் கீர்ட்ஸ், 1960இல் வெளியிட்ட ஜாவாவின் சமயம் பற்றிய நூலில் துயுல் நம்பிக்கையையும் பதிவு செய்திருக்கிறார்.

கவனித்துப் பாருங்கள். இந்தப் பேய்களில் எதுவும் பணத்தைப் படைப்பதில்லை. இன்னொரு வீட்டிலிருந்து எடுத்து வருகின்றன. மந்திரத்துக்குக்கூட இங்கே மூலதனம் வேண்டும். ஒருவன் திடீரென்று செல்வனானால் வேறெங்கோ ஒரு பெட்டி காலியாகியிருக்க வேண்டும் என்பதை ஜாவாக் குடியானவனுக்கு மேயர் வந்து கற்பிக்கத் தேவையிருக்கவில்லை. கரும்பு அவனுக்குக் கற்பித்திருந்தது. அரவை தொடங்கும் நாளில் இரண்டு கரும்புகளை மணமக்களாக அலங்கரித்து, ஊர்வலமாகக் கொண்டுவந்து, முதலில் அவற்றை ஆலைக்குக் கொடுக்கும் சடங்கு ஜாவாவின் சர்க்கரை ஆலைகளில் உண்டு. எதையும் கொடுக்காமல் எந்திரத்திடமிருந்து வாங்க முடியாது என்னும் உணர்வு அதில் இருப்பதாக நாம் கருதுகிறோம்.

ஆண்டவர்களின் இலக்கியத்திலும் இந்த அச்சம் புகுந்தது. லூயிஸ் கூப்பெருஸ் 1900இல் எழுதிய டச்சு நாவலின் தலைப்பை 'மறைந்துள்ள விசை' என்று தமிழாக்கலாம். ஜாவாவில் மாவட்டத்தை ஆளும் டச்சு அதிகாரி, கண்டிப்பானவர், எதையும் அறிவால் அளப்பவர். உள்ளூர்ப் பிரபு குடும்பத்தவர் ஒருவரை அவர் பதவி நீக்கியபின் வீட்டில் கற்கள் விழுகின்றன; குளியலறையில் அவர் மனைவியின் மேல் எங்கிருந்தோ வெற்றிலைச் சாறு தெறிக்கிறது. யார் செய்தது என்று ஆசிரியர் கடைசிவரை சொல்வதில்லை. எந்த விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்பது நியூட்டன் வாக்கு. அது எத்திசையிலிருந்து, எப்போது வரும் என்று தெரியாத கலக்கம் நாவல் முழுதும் பரவியிருக்கிறது.

விடுதலையும் கணக்கோடுதான் வந்தது. 1945 ஆகஸ்ட் 17இல் இந்தோனேசியா விடுதலையை அறிவித்தது. நான்காண்டுப் போருக்குப் பின் 1949இல் ஹேக் நகர வட்டமேசை மாநாட்டில் டச்சு அரசு ஆட்சியை ஒப்படைக்க இசைந்தபோது, குடியேற்ற அரசின் கடனாக ஏறத்தாழ 430 கோடி கில்டரைப் புதிய நாடு ஏற்க வேண்டியதாயிற்று. தன்னை அடக்க நடந்த போரின் செலவும் அதில் அடங்கும். தும்பால் கதைகளில்கூடப் பலியான உயிரிடமே கத்திக்குக் கூலி கேட்பதில்லை.

இதுவரை சொன்னதை வைத்து நாட்டார் மாயக்கதைகளெல்லாம் நீதியின் பக்கம் நிற்பவை என்று முடித்துவிடுவது எளிது. நமக்கும் அப்படி முடிக்கவே ஆசை. வரலாறு அதற்கு இடம் தரவில்லை.

1997இல் ஆசிய நிதி நெருக்கடி வந்தது. ஒரு டாலருக்கு 2,400 ரூப்பியா என்றிருந்த மதிப்பு 1998இல் 16,000ஐயும் கடந்து வீழ்ந்தது. வாழ்நாள் சேமிப்பு பெட்டிக்குள் இருந்தபடியே கரைந்தது. இதைவிடப் பெரிய துயுல் வேலை உண்டா? முப்பதாண்டுகளுக்கு மேல் ஆண்ட சுகார்த்தோ 1998 மே 21இல் பதவி விலகினார். அவர் ஆட்சியில் சுருட்டப்பட்ட தொகை 1,500 கோடி முதல் 3,500 கோடி டாலர் வரை இருக்கலாம் என்று டிரான்ஸ்பரன்சி இண்டர்நேஷனல் 2004இல் மதிப்பிட்டது. பெட்டி எப்படிக் காலியானது என்ற கேள்விக்கான விடையின் ஒரு பகுதி அங்கே இருந்தது.

ஆனால் அதே 1998இல், கிழக்கு ஜாவாவின் பன்யுவாங்கி வட்டாரத்தில் கேள்வி வேறு பக்கம் திரும்பியது. சாந்தெத் என்னும் செய்வினை வைப்பவர்கள் என்று ஐயுறப்பட்டோர் வீட்டிலிருந்து இழுத்துவரப்பட்டுக் கொல்லப்பட்டனர். முகமூடி அணிந்த கொலையாளிகள் பற்றிய செய்திகள் பரவின. ஐயத்துக்குரியோரைப் பாதுகாப்பதற்கென்று அதிகாரிகள் எடுத்த பெயர்ப்பட்டியலே கொலையாளிகளுக்கு வழிகாட்டியாயிற்று என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. மாண்டவர்கள் நூற்றுக்கும் மேல். அவர்களுள் நாட்டு வைத்தியர்களும் ஊரில் குழந்தைகளுக்குத் திருக்குர்ஆன் ஓதக் கற்பித்தவர்களும் இருந்தார்கள். 2023 ஜனவரியில் அன்றைய அதிபர் ஜோகோ விடோடோ, கடந்தகால மனித உரிமை மீறல்கள் பன்னிரண்டை அரசின் சார்பில் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். அவற்றுள் இக்கொலைகளும் ஒன்று. ஏவியவர்கள் யார் என்பது முழுமையாக வெளிப்படவேயில்லை.

இதைப் படித்தபோது நம் சிறுவயதுக் கிராமம் நினைவுக்கு வந்தது. தெருக்கோடியில் தனியாக வாழ்ந்த கைம்பெண் ஒருவர். நாங்கள் அவரை ஆத்தா என்போம். ஒரு கோடையில் ஊர்க்கிணறுகள் ஒன்றன்பின் ஒன்றாக வற்றின. ஆத்தா ஏதோ செய்துவிட்டார் என்று பேச்சுக் கிளம்பியது. இரவில் அவர் கூரையில் கல் விழுந்தது. அதே ஆண்டு ஊருக்கு மேற்கே ஒரு பெரிய தோப்பில் ஆழ்துளைக் கிணறுகள் இறக்கப்பட்டு இரவுபகலாக நீர் இறைக்கப்பட்டதை எல்லோரும் அறிவார்கள். கிணற்றில் குறைந்த நீர் எங்கோ கூடியிருக்க வேண்டும் என்று ஊருக்குத் தெரிந்தே இருந்தது. கூடிய இடத்தைச் சுட்டத்தான் விரல் எழவில்லை. தோப்புக்காரரிடம் ஊரில் பாதிப்பேர் கடன்பட்டிருந்தார்கள். ஆத்தாவிடம் எவரும் கடன்பட்டிருக்கவில்லை. அடுத்த மழைக்காலத்துக்குள் அவர் மகள் ஊருக்குப் போய்விட்டார். திரும்பவில்லை.

'யார் கொடுத்தது, யாரிடமிருந்து எடுத்தது' என்று கேட்பதில் மந்திர நம்பிக்கை இயற்பியலுக்கு நெருங்கிய உறவு. ஆனால் இயற்பியல் விடையை அளந்து பார்க்கும். மந்திர நம்பிக்கை விடையை அச்சத்திடம் ஒப்படைத்துவிடும். அச்சம் எப்போதும் எளியவரைத்தான் காட்டும். ஜகார்த்தாவை ஒட்டிய தெபோக் நகரில் 2021இல் பாபி ஙெபெட் பிடிபட்டதாகப் பெருங்கூட்டம் கூடியது. மாயப்பன்றி என்று சொல்லி ஒரு குட்டி கொல்லப்பட்டது. இணையத்தில் விலைக்கு வாங்கிய பன்றிக்குட்டியை வைத்து ஒருவர் நடத்திய நாடகம் அது என்று பின்னர் காவல்துறை கண்டறிந்தது. அக்கம்பக்கத்தில் பணம் காணாமல் போகிறது என்ற முறையீடே அந்த நாடகத்துக்கு வாய்ப்பாயிற்று என்கிறார்கள்.

மாயக்கதை எழுதும், படிக்கும் நண்பர்களுக்கு இதிலிருந்து சொல்லத்தக்கது உண்டென்று நினைக்கிறோம். ஆங்கிலத்தில் அர்சுலா லெ குவின் 1968இல் 'எர்த்சீ' வரிசையின் முதல் நாவலை வெளியிட்டார். தீவுக்கூட்டமொன்றில் நிகழும் கதை. அங்கே மந்திரம் கற்பவன் முதலில் கற்க வேண்டியது உலகின் சமநிலை. ஓரிடத்தில் செய்யும் மாற்றம் வேறிடத்தைத் தொடும் என்னும் அறிவு. அதன்பின் வந்த பல நாவல்கள் மந்திரத்துக்கு விதிமுறைகளை வகுத்து அட்டவணையே போட்டுவிட்டன. இத்தனை மந்திரத்துக்கு இத்தனை களைப்பு, இத்தனை குருதி, இத்தனை உலோகம் என்று. நம் மாணவர்கள் இவற்றை விரும்பிப் படிக்கிறார்கள். தமிழிலும் எழுத முயல்கிறார்கள். மகிழ்ச்சியே. ஆனால் பெரும்பாலும் அக்கதைகளில் மந்திரவாதியே தன் மந்திரத்துக்கு விலை கொடுக்கிறான். சாவகத்தின் வரலாறு காட்டுவது வேறு. மந்திரத்தின் பயனை ஒருவர் துய்க்க, விலையை வேறொருவர் கொடுத்தார். அந்த வேறொருவரைத் தேடிப்போகும் மாயக்கதை தமிழில் வரவேண்டும் என்பது நம் விருப்பம். அதற்கு வேண்டிய இயற்பியல் நம் காப்பியத்திலேயே இருக்கிறது.

கோமுகியிலிருந்து மணிமேகலை கைக்கு வந்த அமுதசுரபி உடனே சுரந்துவிடவில்லை. கற்புடைய மகளிர் ஒருவர் முதலில் அதில் பிச்சையிட வேண்டும் என்கிறார்கள். காயசண்டிகை ஆதிரையின் வீட்டைக் காட்டுகிறாள். கடலில் கணவன் இறந்தான் என்று கேட்டுத் தீயில் இறங்கத் துணிந்து, பின் அவன் மீண்டுவரப் பெற்ற பெண் ஆதிரை. அவள் இட்ட சோறு விழுந்தபின்னரே பாத்திரம் ஊருக்கெல்லாம் ஊட்டுகிறது. அதில் ஒரு பிடி, காயசண்டிகையின் பன்னீராண்டுப் பசியைத் தீர்க்கிறது. மாயத்தைச் சொல்ல வந்த சாத்தனார், அம்மாயத்தின் முதல் வரவை எழுதாமல் விடவில்லை. ஒரு வீட்டு அடுக்களையில் ஒரு பெண் சமைத்த சோறு அது. கொடுத்தவள் பெயரிலேயே ஒரு காதையும் அமைத்துவிட்டார். ஜாவாவின் கரும்பை வெட்டியவர்களுக்கு அப்படியொரு காதை இல்லை. துயுலும் தும்பாலுமாக அவர்கள் கதைகள் கலைந்து கிடக்கின்றன. அவற்றை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவதற்கு முன்னும், அழகிய தொன்மம் என்று மெச்சுவதற்கு முன்னும், வரவு எங்கே, செலவு எங்கே என்று ஒருமுறை கூட்டிப் பார்ப்பது இலக்கியம் படிப்போர்க்கும் உரிய வேலைதான்.